ஒரு நொதியை ஆக்சிஜனேற்றம் கட்டுப்படுத்துகிறதா என்று சோதித்தறிவது எப்படி

இன்சுலின் ஒரு கொழுப்புச் செல்லின் ஏற்பியில் வந்து அமர்ந்ததும், அந்த ஏற்பியின் உட்புறத்திலுள்ள கைனேஸ் பகுதி டைரோசின் அமினோ அமிலங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றத் தொடங்குகிறது. ஏற்றிய பாஸ்பேட்டை இறக்கி வைப்பதற்கென்றே அதே செல்லில் பிடிபி1பி என்ற டைரோசின் பாஸ்பட்டேஸ் காத்திருக்கிறது. ஏற்றும் கையும் இறக்கும் கையும் ஒரே வேகத்தில் இயங்கினால் சரக்கு சேராது. சமிக்ஞையும் உள்ளே போய்ச் சேராது. ஆகவே சமிக்ஞை வந்த முதல் சில நிமிடங்களுக்கு இறக்கும் கையைக் கட்டிப்போட வேண்டிய தேவை செல்லுக்கு ஏற்படுகிறது. அதற்குச் செல் பயன்படுத்தும் கயிறுகளில் ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. கட்டு அவிழ்வது ஒடுக்க வினையால்.

இந்த விளக்கம் இன்று பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் நீங்கள் ஆய்வு செய்யும் நொதிக்கும் இது பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஹைட்ரஜன் பெராக்சைடைப் போதிய அளவு ஊற்றினால், சிஸ்டீன் என்ற கந்தகம் தாங்கிய அமினோ அமிலம் உள்ள எந்தப் புரதமும் ஆக்சிஜனேற்றமடையும். அதைக் கொண்டு அந்த நொதி ‘ஆக்சிஜனேற்ற ஒடுக்கக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது’ என்று எழுதிவிடுவது இத்துறையின் பழைய நோய். ஆக்சிஜனேற்றம் நிகழ்ந்தது என்பதும் ஆக்சிஜனேற்றத்தால் கட்டுப்படுகிறது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் வேகம், மீளும் தன்மை, செல்லுக்குள் இருக்கக்கூடிய அளவு, சமிக்ஞையின் காலம் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். இவற்றைச் சோதிக்கும் வழியைப் பிடிபி1பியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். முதுநிலை உயிர்வேதியியல் படித்து, ஆய்வகத்தில் ஓரளவு கைப்பழக்கம் உள்ளவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் சிஸ்டீனைப் பாருங்கள்

பிடிபி1பியை 1988-ல் மனித நஞ்சுக்கொடியிலிருந்து தூய்மைப்படுத்தியவர்கள் நிக்கோலஸ் டாங்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும். அதன் வினைத்தளத்தில் 215-ஆம் இடத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. கட்டற்ற சிஸ்டீனின் தயோல் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதி ஏறத்தாழ பி.எச். 8.3-ல்தான் பாதியளவு புரோட்டானை இழக்கும். பிடிபி1பியின் 215-ஆம் சிஸ்டீனோ, அருகிலுள்ள 221-ஆம் அர்ஜினினின் நேர்மின்சுமையாலும் அந்த வளையத்தின் முதன்மைச் சங்கிலியிலுள்ள நைட்ரஜன்களாலும் தாங்கப்படுவதால், பி.எச். 5.4 அளவிலேயே அந்நிலையை எட்டிவிடுகிறது. ஆக, செல்லின் நடுநிலைச் சூழலில் அது எப்போதும் எதிர்மின்சுமை தாங்கிய தயோலேட்டாகவே நிற்கிறது. பாஸ்பேட்டைத் தாக்கிப் பற்றும் திறனை அதற்குத் தருவது இந்த நிலைதான். பெராக்சைடுக்கு இரையாகும்படி அதைத் திறந்து வைப்பதும் இதே நிலைதான்.

உங்கள் நொதியின் முப்பரிமாண அமைப்பு தெரிந்திருந்தால், எந்த சிஸ்டீன் மேற்பரப்புக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, அருகே அர்ஜினினோ லைசினோ ஹிஸ்டிடினோ இருக்கிறதா, இரு கந்தகங்கள் இணையும் டைசல்பைடு பிணைப்பு உண்டாகும் தொலைவில் இன்னொரு சிஸ்டீன் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிடிஇஎன் என்னும் பாஸ்பட்டேஸில் 124-ஆம் சிஸ்டீன் ஆக்சிஜனேற்றமடைந்ததும் 71-ஆம் சிஸ்டீனோடு இணைந்து டைசல்பைடாகிப் பாதுகாப்பாக ஒதுங்கிக்கொள்கிறது. பிடிபி1பியில் அப்படிக் கைகொடுக்க ஒரு சிஸ்டீன் அருகில் இல்லை. அங்கே கந்தகம், அடுத்துள்ள 216-ஆம் செரினின் முதன்மைச் சங்கிலி நைட்ரஜனோடு பிணைந்து, சல்பெனில் அமைடு என்ற வளையமாகிவிடுகிறது. 2003-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே படிகங்களில் இதைக் கண்டபோது, புரத வேதியியலில் அதற்குமுன் அறியப்படாத அமைப்பாக அது இருந்தது.

கந்தகம் கடந்து செல்லும் படிகளை மனத்தில் தெளிவாக வைத்திருப்பது அவசியம். ஓர் ஆக்சிஜன் ஏறினால் சல்பெனிக் அமிலம். இது நிலையற்றது, எளிதில் ஒடுக்கப்படக்கூடியது. இரண்டு ஏறினால் சல்பினிக் அமிலம். மூன்று ஏறினால் சல்போனிக் அமிலம். பின்னிரண்டும் பாஸ்பட்டேஸ்களைப் பொறுத்தவரை திரும்பி வர முடியாத இடங்கள். சல்பினிக் நிலையிலிருந்து மீட்கும் சல்பிரெடாக்சின் என்ற நொதி 2003-ல் ஈஸ்ட்டில் கண்டறியப்பட்டாலும், அது குறிப்பாக, பெராக்சைடை அழிக்கும் பெராக்சிரெடாக்சின் புரதங்களுக்கே உதவுகிறது. எனவே சல்பெனில் அமைடு ஆவதும், டைசல்பைடு ஆவதும், குளூட்டத்தயோன் என்ற சிறு தயோல் மூலக்கூறோடு கலப்பு டைசல்பைடு ஆவதும் உண்மையில் சிஸ்டீனை மேலும் கெடாமல் காக்கும் வழிகள் என்றே கொள்ள வேண்டும்.

ஆக்சிஜனேற்றம் என்றாலே நொதி அணைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. குருதிக்குழாய்த் தசையிலுள்ள பிகேஜி1ஆல்பா கைனேஸ், இரண்டு துணையலகுகளின் 42-ஆம் சிஸ்டீன்களுக்கிடையே டைசல்பைடு உண்டாகும்போது இயக்கம் பெறுகிறது. பசுங்கணிகத்தில் கால்வின் சுழற்சியின் சில நொதிகளோ, வெளிச்சம் வந்ததும் தயோரெடாக்சின் என்ற சிறு புரதத்தால் ஒடுக்கப்பட்டே விழிக்கின்றன. உங்கள் நொதி எந்தத் திசையில் மாறும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு சோதனையில் இறங்காதீர்கள்.

தாளில் ஒரு கணக்கு

கரைசல் எதையும் கலக்குமுன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பத்து நிமிட வேலைதான். ஆனால் பலரை ஓராண்டு வீண் உழைப்பிலிருந்து காப்பாற்றக்கூடியது.

பிடிபி1பியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரியும் இரண்டாம்படி வினைவேக மாறிலி, மோலார், வினாடி அலகுகளில் ஏறத்தாழ 10 முதல் 40 வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. 20 என்று வைத்துக்கொள்வோம். பெராக்சைடு 100 மைக்ரோமோலார் இருந்தால் நொதியின் பாதி செயலிழக்க ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 1 மைக்ரோமோலார் என்றால் ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல். செல்லின் உட்புறத்தில் இயல்பாக இருப்பதாக மதிப்பிடப்படும் அளவோ 1 முதல் 10 நானோமோலார். சமிக்ஞையின்போது 100 நானோமோலார் வரை உயரலாம். அந்த 100 நானோமோலாரிலும் பிடிபி1பியில் பாதி கட்டுண்பதற்கு நான்கு நாள் ஆகும். இன்சுலின் சமிக்ஞைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஐந்து, பத்து நிமிடங்களில் அது உச்சத்தைத் தொட்டுவிடும்.

இதற்கு எதிர்முனையில் பெராக்சிரெடாக்சின் 2 நிற்கிறது. அதன் மாறிலி ஒரு கோடி முதல் பத்துக் கோடி வரை. அதே 100 நானோமோலாரில் அது ஒரு வினாடிக்குள் பாதி ஆக்சிஜனேற்றமடையும். அதுவும் செல்லில் ஏராளமாகக் குவிந்து கிடக்கும் புரதம். இவ்வளவு பசியோடு ஒன்று பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பிடிபி1பியின் இலைக்குச் சோறு எப்படி வந்து சேரும் என்பதே இத்துறையின் மையப் புதிர்.

உங்கள் நொதிக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, வரும் எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாறிலி தெரியாவிட்டால் அதை அளப்பதே முதல் சோதனை.

தூய நொதியில் மாறிலியை அளத்தல்

தூய்மைப்படுத்தப்பட்ட நொதிகள் பெரும்பாலும் டைத்தயோதிரைட்டால் போன்ற ஒடுக்கியில்தான் சேமிக்கப்படுகின்றன. அந்த ஒடுக்கி மீதமிருந்தால் நீங்கள் சேர்க்கும் பெராக்சைடில் ஒரு பகுதி அதற்கே செலவாகும். ஆகவே முதலில் நொதியைப் புதிய டைத்தயோதிரைட்டாலில் அரைமணி நேரம் வைத்து முழுமையாக ஒடுக்குங்கள். பிறகு உப்பு நீக்கும் சிறு ஜெல் வடிகட்டித் தம்பத்தின் வழியே, காற்று நீக்கிய தாங்கல் கரைசலுக்கு மாற்றுங்கள். உலோக அயனிகள் தயோலைத் தாமாகவே ஆக்சிஜனேற்றும் என்பதால் அந்தக் கரைசலில் இடிடிஏ அல்லது டிடிபிஏ போன்ற உலோகப் பற்றி இருக்க வேண்டும். பாஸ்பேட் தாங்கல் கரைசலைத் தவிர்ப்பது நல்லது. பாஸ்பட்டேஸின் வினைத்தளத்தில் பாஸ்பேட் அமர்ந்து சிஸ்டீனை மறைத்துக்கொள்ளும். ஹெப்பீஸ் கலந்த கரைசலைப் பயன்படுத்தினால் அதை வெளிச்சத்தில் வைக்காதீர்கள். ஒளி பட்டால் அதுவே பெராக்சைடை உண்டாக்கக்கூடும், ரைபோஃபிளேவினும் கூட இருக்கும் வளர்ப்பு ஊடகத்தில் குறிப்பாக.

ஹைட்ரஜன் பெராக்சைடின் அளவைப் புட்டியின் சீட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 30 சதவீதக் கரைசல் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 9.8 மோலார், திறந்து மூடிய புட்டியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை அளந்தால்தான் தெரியும். ஆயிரம் மடங்கு நீர்த்து, 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, மோலார் உறிஞ்சல் மாறிலி 43.6 என்று கொண்டு கணக்கிடுங்கள். புதிய கரைசலானால் 0.43 அளவில் வரும். நீர்த்த கரைசலை அன்றன்றே தயாரித்து, பனிக்கட்டியில் இருட்டில் வையுங்கள். செறிந்த கரைசல் தோலில் பட்டால் வெள்ளையாக வெந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இனி நொதியோடு 50, 100, 200, 400 மைக்ரோமோலார் என நான்கைந்து அளவுகளில் பெராக்சைடைச் சேர்த்து, குறிப்பிட்ட நேரங்களில் சிறு பங்குகளை எடுத்துக் கேட்டலேஸில் இடுங்கள். மீதிப் பெராக்சைடைக் கேட்டலேஸ் உடனே அழித்துவிடும். இங்கே சோடியம் அசைடு என்ற பதனப்பொருள் ஆளைக் கவிழ்த்துவிடும். கெட்டுப்போகாமலிருக்க ஏதாவதொரு சேமிப்புக் கரைசலில் அது கலந்திருந்தால், கேட்டலேஸ் முடங்கி, நீங்கள் நிறுத்திவிட்டதாக எண்ணிய வினை குழாயில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நேரப்புள்ளியும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் செயலிழப்பைக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எஞ்சிய நொதிச் செயல்பாட்டை அளக்கப் பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் எளியது, மலிவானது. பாஸ்பேட் கழன்றதும் உண்டாகும் பாரா-நைட்ரோபீனால், காரத்தில் மஞ்சளாகி 405 நானோமீட்டரில் தெரியும். எஞ்சிய செயல்பாட்டின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். அதன் சரிவு, அந்தப் பெராக்சைடு அளவுக்கான வேகம். இந்த வேகங்களைப் பெராக்சைடு அளவுக்கு எதிராக மறுபடி வரைந்தால் கிடைக்கும் சரிவே நீங்கள் தேடிய மாறிலி. முதல் வரைபடம் வளைந்திருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட சிஸ்டீன்கள் ஈடுபட்டிருக்கலாம்; அல்லது பெராக்சைடு நடுவிலேயே தீர்ந்துபோயிருக்கலாம்.

ஒவ்வொரு பங்கையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் 10 மில்லிமோலார் டைத்தயோதிரைட்டாலைச் சேர்த்து அரைமணி நேரம் வைத்து மீண்டும் அளப்பதை மறக்கக் கூடாது. என் பார்வையில், இந்த இணைச் சோதனை இல்லாத எந்த முடிவையும் நம்பத் தேவையில்லை. செயல்பாடு முழுமையாகத் திரும்பினால் மீளும் ஆக்சிஜனேற்றம். பாதி திரும்பினால் மறுபாதி சல்பெனிக் நிலையைத் தாண்டிப் போய்விட்டது. சிறிதும் திரும்பாவிட்டால் நீங்கள் பார்த்தது கட்டுப்பாடு அல்ல, சேதம்.

டைத்தயோதிரைட்டால் செல்லில் இல்லாத பொருள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே அடுத்த சுற்றில், ஒடுக்கப்பட்ட குளூட்டத்தயோனை 1 முதல் 10 மில்லிமோலார் வரை, அதாவது செல்லில் உள்ள அளவில், பயன்படுத்திப் பாருங்கள். தனியாக, தயோரெடாக்சின், அதை மீட்கும் தயோரெடாக்சின் ரிடக்டேஸ், அதற்கு எலக்ட்ரான் தரும் என்ஏடிபிஎச் மூன்றையும் சேர்த்து மீட்பு வேகத்தை அளவிடுங்கள். தயோரெடாக்சின் ரிடக்டேஸ் 1 இல்லாத எலிச் செல்களில் வளர்ச்சிக் காரணி தூண்டும்போது பிடிபி1பியின் ஆக்சிஜனேற்றம் கூடுகிறது என்று 2013-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதாவது கட்டை அவிழ்க்கும் கை செல்லில் யாருடையது என்பதும் கேள்வியின் ஒரு பகுதியே. கட்டுவதைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவிழ்ப்பதைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை.

செல்லுக்குள் பார்த்தல்

செல்லின் மேல் 1 மில்லிமோலார் பெராக்சைடை ஊற்றி விளைவைப் பார்ப்பது, மழை எப்படிப் பெய்கிறது என்று அறிய அணையைத் திறந்துவிடுவதைப் போன்றது. செய்ய வேண்டியது, இயற்கையான தூண்டியைக் கொடுத்துச் செல் தானே உண்டாக்கும் பெராக்சைடைப் பின்தொடர்வது. இத்துறையின் அடித்தளம் அப்படித்தான் இடப்பட்டது. தட்டணுவிலிருந்து பெறப்படும் வளர்ச்சிக் காரணி, குருதிக்குழாய்த் தசைச் செல்களில் பெராக்சைடை உயர்த்துகிறது என்றும், செல்லுக்குள் கேட்டலேஸைக் கூட்டினால் டைரோசின் பாஸ்பேட் ஏற்றமும் குறைகிறது என்றும் 1995-ல் ஒரு குழு காட்டியது. மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கொண்டு ஏ431 என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களில் இதே போக்கை 1997-ல் சூ கூ ரீயின் குழு கண்டது. அடுத்த ஆண்டே, அதே செல்களில் பிடிபி1பி மீளும் வகையில் செயலிழப்பதை அவர்கள் காட்டினார்கள்.

செல் வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை சில. சில வளர்ப்பு ஊடகங்களில் 1 மில்லிமோலார் பைருவேட் இருக்கிறது. அது பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அதைத் தின்றுவிடும். பச்சைத் தேயிலைச் சாறு போன்ற பாலிபீனால்களைச் சோதிப்பவர்களுக்கு நேர் எதிரான சிக்கல்: அவை ஊடகத்திலேயே காற்றோடு வினைபுரிந்து பெராக்சைடை உண்டாக்கும்; அதைச் செல்லின் மறுமொழி என்று தவறாகப் படித்துவிடலாம். செல்லே இல்லாத கிண்ணத்தில் அதே ஊடகத்தை வைத்து ஒருமுறை அளந்துவிட்டால் இந்த இரண்டு சந்தேகமும் தீரும்.

மிக நுட்பமான கட்டம், செல்லைச் சிதைக்கும் அந்தச் சில வினாடிகள். செல் உடைந்ததும் குளூட்டத்தயோன் நீர்த்துப்போகிறது, என்ஏடிபிஎச் தீர்கிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே பாய்கிறது. இதுவரை ஒடுக்கப்பட்டிருந்த சிஸ்டீன் உங்கள் குழாயில் ஆக்சிஜனேற்றமடையும்; ஏற்கெனவே ஆக்சிஜனேற்றமடைந்திருந்தது வேறொரு தயோலோடு வினைபுரிந்து மீண்டுவிடவும் கூடும். எனவே சிதைக்கும் கணத்திலேயே நிலையை உறைய வைக்க வேண்டும். ஒன்று, 10 சதவீதத்துக்குக் குறையாத டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் செல்லை நேரடியாக வீழ்படிவாக்கலாம். அமிலத்தில் தயோலேட் புரோட்டானேற்றமடைந்து வினைத்திறனை இழக்கும். அல்லது என்-எத்தில்மலீமைடு, அயோடோஅசிட்டிக் அமிலம் போன்ற தயோல் தடுப்பான்களைச் சிதைக்கும் கரைசலிலேயே தாராளமாகக் கலக்கலாம். இவை நச்சுப்பொருள்கள், புகைபோக்கி அறையில் கையாளுங்கள்.

இன்னொரு பொறி, பாஸ்பட்டேஸ் தடுப்பான் என்று பழக்கத்தால் எல்லாக் கரைசலிலும் சேர்க்கப்படும் ஆர்த்தோவனடேட். அது வினைத்தளத்தில் அமர்ந்து அளவீட்டைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. பெராக்சைடோடு சேர்ந்தால் பெர்வனடேட் ஆகிறது. அது பாஸ்பட்டேஸ்களின் சிஸ்டீனை மீளாத சல்போனிக் நிலைக்கே தள்ளிவிடும். பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பார்க்கும் மாதிரியும், பாஸ்பட்டேஸின் ஆக்சிஜனேற்றத்தைப் பார்க்கும் மாதிரியும் ஒரே கரைசலில் எடுக்கப்படக் கூடாது.

உறைய வைத்தபின் எதைக் கொண்டு அளப்பது? டாங்ஸின் ஆய்வகத்தில் உருவாகி 2002-ல் வெளியான ஜெல்லுக்குள் அளக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் தர்க்கத்தைப் புரிந்துகொண்டால் ஏனைய முறைகள் எல்லாம் தாமே விளங்கிவிடும். ஆக்சிஜன் நீக்கிய அறையில், அயோடோஅசிட்டிக் அமிலம் கலந்த கரைசலில் செல் சிதைக்கப்படுகிறது. ஒடுக்கப்பட்டிருந்த, அதாவது செயலோடு இருந்த, பாஸ்பட்டேஸ்களின் சிஸ்டீனில் அந்த அமிலம் ஒட்டிக்கொண்டு அவற்றை நிரந்தரமாகக் கொன்றுவிடுகிறது. செல்லுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றமடைந்திருந்தவற்றில் ஒட்ட இடமில்லை, அவை தப்பிவிடுகின்றன. பின்னர் கதிரியக்கப் பாஸ்பேட் ஏற்றிய டைரோசின் பெப்டைடு கலந்து வார்க்கப்பட்ட ஜெல்லில் புரதங்கள் பிரிக்கப்பட்டு, டைத்தயோதிரைட்டால் உள்ள கரைசலில் மீண்டும் மடிய விடப்படுகின்றன. தப்பியவை ஒடுக்கப்பட்டு உயிர்பெற்று, தாம் நிற்கும் இடத்திலுள்ள கதிரியக்கப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். கறுத்த படலத்தில் ஒரு வெளிறிய பட்டை தோன்றும். ஆகவே செல்லில் எது செயலிழந்திருந்ததோ அதுவே ஜெல்லில் செயல்படுவதாகத் தெரியும். செல்லில் செயல்பட்டது ஜெல்லில் பிணம். முதன்முறை பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவது வழக்கம்.

கதிரியக்க வசதி இல்லாதவர்கள் இதே தர்க்கத்தை வேறு கருவிகளால் நிறைவேற்றலாம். முதலில் திறந்திருக்கும் தயோல்களை ஒரு தடுப்பானால் மூடுங்கள், பிறகு ஒடுக்குங்கள், புதிதாகத் திறந்தவற்றில் பயோட்டின் தாங்கிய இரண்டாவது தடுப்பானை ஒட்டவைத்து, ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் பிடித்து, உங்கள் நொதி அதில் எவ்வளவு என்று எதிர்ப்பொருளால் பாருங்கள். ஒடுக்கும் படியை மட்டும் விட்டுவிட்ட மாதிரி ஒன்று உடன் ஓட வேண்டும். அதில் பட்டை தெரிந்தால் முதல் மூடல் முழுமையாகவில்லை. சல்பெனிக் அமிலத்தை நேராகப் பிடிக்க வேண்டுமானால் டைமிடோன் வகைப் பொருள்கள் உள்ளன. அது ஒட்டிய சிஸ்டீனின் நிறை 138 டால்டன் கூடியிருப்பதை நிறைநிரலில் காணலாம். இவ்வகைப் பொருளொன்றைக் கொண்டுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியின் 797-ஆம் சிஸ்டீனே ஆக்சிஜனேற்றமடைந்து அதன் கைனேஸ் செயல்பாட்டைக் கூட்டுகிறது என்று 2012-ல் கண்டார்கள். நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் அஃபாடினிப், ஓசிமெர்டினிப் மருந்துகள் நிலையாகப் பிணைவதும் இதே சிஸ்டீனில்தான். ஆக, ஒரே சமிக்ஞையில் ஏற்றும் கையைப் பெராக்சைடு உசுப்பவும் செய்கிறது, இறக்கும் கையைக் கட்டவும் செய்கிறது.

பெராக்சைடு எழுவதை நேரில் காண, செல்லிலேயே உருவாக்கப்படும் ஒளிர் புரதங்களை நாடுங்கள். 2006-ல் வந்த ஹைப்பர், 2009-ல் வந்த ஆர்ஓஜிஎஃப்பி2-ஓஆர்பி1 இரண்டும் பெராக்சைடைத் தேர்ந்து உணர்பவை. ஹைப்பர் பி.எச். மாற்றத்துக்கும் ஆடும், பெராக்சைடை உணராதபடி சிஸ்டீன் மாற்றப்பட்ட அதன் இணைப்புரதத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளாமல் அதை நம்ப வேண்டாம். எங்கும் விற்கும் டைகுளோரோஃபுளோரசின் சாயம் மலிவானது. ஆனால் அது பெராக்சைடோடு நேராக வினைபுரிவதில்லை, இரும்பும் பெராக்சிடேஸ்களும் தலையிட்டால்தான் ஒளிரும். அந்த ஒளியை ‘பெராக்சைடின் அளவு’ என்று எழுதுவது சரியாகாது.

காரணத்தை நிறுவுதல்

தூண்டியதும் பெராக்சைடு எழுகிறது, நொதி ஆக்சிஜனேற்றமடைகிறது, சமிக்ஞை உயர்கிறது என்று மூன்று வரைபடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக அமையலாம். அப்போதும் ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது. நேரத்தின் வரிசை முதல் சான்று: நொதியின் ஆக்சிஜனேற்றம், அது கட்டுப்படுத்துவதாகச் சொல்லப்படும் படிக்கு முன்பே தொடங்கி, சமிக்ஞை தணியும்போது மீள வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு, ஐந்து, பத்து, முப்பது என்று நெருக்கமாக மாதிரி எடுக்காதவர்கள் உச்சத்தையே தவறவிட்டுவிடுவார்கள்.

அடுத்தது, பெராக்சைடின் ஊற்றை அடைத்துப் பார்ப்பது. என்-அசிட்டைல்சிஸ்டீன் பெராக்சைடோடு மிக மெதுவாகவே வினைபுரிகிறது; அதைச் சேர்த்ததும் விளைவு மறைந்தது என்பது பெராக்சைடுதான் காரணம் என்பதற்குச் சான்றாகாது. டைபீனிலீன் அயோடோனியம், என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ்களை மட்டுமின்றி ஃபிளேவின் தாங்கிய பல நொதிகளையும் ஒருசேர முடக்கும். எனவே குறிப்பிட்ட ஆக்சிடேஸின் மரபணுவை அடக்குவதும், கேட்டலேஸைச் செல்லுக்குள் கூட்டுவதுமே நம்பத்தக்க வழிகள். கொழுப்புச் செல்களில் நாக்ஸ்4 என்ற என்ஏடிபிஎச் ஆக்சிடேஸைக் குறைத்தபோது இன்சுலின் சமிக்ஞை மங்கியது இப்படித்தான் தெரியவந்தது.

எல்லாவற்றிலும் வலுவான சான்று, ஆக்சிஜனேற்றமடையும் அந்த ஒரு சிஸ்டீனை மாற்றிப் பார்ப்பது. பிகேஜி1ஆல்பாவில் இது வாய்ப்பாக அமைந்தது: 42-ஆம் சிஸ்டீன் வினைத்தளத்தில் இல்லை என்பதால், அதைச் செரினாக மாற்றிய எலிகளில் கைனேஸ் வேலை செய்கிறது, ஆக்சிஜனேற்றத்துக்கு மட்டும் செவிசாய்ப்பதில்லை, அவற்றின் குருதி அழுத்தம் கூடியிருந்தது. பிடிபி1பியில் இந்தக் கதவு மூடியிருக்கிறது. 215-ஆம் சிஸ்டீனை மாற்றினால் ஆக்சிஜனேற்றமும் போகும், நொதியும் போகும். எதனால் எது என்று பிரிக்க வழியில்லை. இதற்கு மாற்றாக 2011-ல் டாங்ஸின் குழு ஒரு தந்திரத்தைக் கையாண்டது. ஆக்சிஜனேற்றமடைந்த பிடிபி1பியின் உருமாறிய வடிவத்தை மட்டும் பற்றும் ஒற்றைச் சங்கிலி எதிர்ப்பொருள் துண்டைச் செல்லுக்குள் உருவாக்கினார்கள். கட்டுண்ட நொதி அவிழாமல் அது பிடித்துக்கொண்டபோது, இன்சுலின் சமிக்ஞை நீண்டு வலுத்தது. உங்கள் நொதியின் சிஸ்டீனும் வினைக்கே இன்றியமையாததாக இருந்தால், மாற்றிய மரபணுவில் பணத்தைச் செலவழிக்குமுன் இந்த வழியை எண்ணிப் பாருங்கள்.

கணக்கு ஒத்துவராதபோது

சோதனைகள் எல்லாம் ஆம் என்று சொல்லி, முதல் பக்கத்தில் எழுதி வைத்த எண் மட்டும் நான்கு நாள் என்று முறைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? பிடிபி1பிக்கு நேர்ந்ததும் இதுவே. எண்ணை அழித்துவிடாதீர்கள், வேறு பாதையைத் தேடச் சொல்லித்தான் அது முறைக்கிறது.

முதல் பாதை இடஞ்சார்ந்தது. ஆக்சிடேஸும் நொதியும் சவ்வில் ஒட்டி நின்றால் அங்குள்ள பெராக்சைடின் அளவு செல்லின் சராசரியைவிடப் பல மடங்கு கூடியிருக்கலாம். சமிக்ஞையின்போது சவ்வருகே உள்ள பெராக்சிரெடாக்சின் 1, 194-ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறித் தற்காலிகமாக முடங்குவதை 2010-ல் ரீயின் குழு கண்டது. இதைச் சோதிக்க, ஒளிர் புரதத்தைச் சவ்வுக்கு அனுப்பி அங்கேயே அளக்க வேண்டும்.

இரண்டாவது, கைமாற்று. பெராக்சிரெடாக்சின் போன்ற வேகமான புரதம் பெராக்சைடை முதலில் வாங்கி, அந்த ஆக்சிஜனேற்றத்தை டைசல்பைடு வழியாக மெதுவான நொதியிடம் ஒப்படைக்கலாம். ஈஸ்ட்டில் ஓஆர்பி1 என்ற பெராக்சிடேஸ் யாப்1 என்ற படியெடுத்தல் காரணிக்கு இப்படிக் கைமாற்றுவதை 2002-லும், மனிதச் செல்களில் பெராக்சிரெடாக்சின் 2, ஸ்டாட்3 என்ற படியெடுத்தல் காரணிக்குக் கைமாற்றுவதை 2015-லும் காட்டினார்கள். இங்கே ஒரு நல்ல அடையாளம் உண்டு: பெராக்சிரெடாக்சின் வெறும் போட்டியாளர் என்றால் அதை அகற்றும்போது உங்கள் நொதியின் ஆக்சிஜனேற்றம் கூடும், தூதர் என்றால் குறையும். ஒடுக்கி சேர்க்காத ஜெல்லில் இரண்டும் இணைந்த பட்டை சிறிது நேரம் தோன்றி மறைவதையும் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, பைகார்பனேட். பெராக்சைடோடு அது சேரும்போது உண்டாகும் பெராக்சிமோனோகார்பனேட், பிடிபி1பியைப் பெராக்சைடைவிட விரைவாகத் தாக்குகிறது. தூய நொதிச் சோதனைகள் பலவும் பைகார்பனேட் இல்லாத தாங்கல் கரைசலில் நடந்தவை என்பதால் இது நெடுங்காலம் கண்ணில் படவில்லை. உங்கள் மாறிலியை 25 மில்லிமோலார் பைகார்பனேட் சேர்த்து மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அப்படியும் அரை ஆயுள் சமிக்ஞையின் கால அளவுக்குள் வராமல், இடஞ்சார்ந்த சான்றோ கைமாற்றுச் சான்றோ கிடைக்காமல் போனால், உங்கள் நொதி ஆக்சிஜனேற்றமடையக்கூடியது என்று மட்டும் எழுதுங்கள்.